விற்ற விலை எல்லாம் இலாபமல்ல: காணி, வீடு, பங்கு, பவுண் குறித்து வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான மூலதன ஆதாய வரி (சொத்தை விற்று வரும் இலாபத்தின் மேலான வரி) 10 சதவீதத்தில் இருந்து 15 சதவீதமாக ஏறியது. அதன் பிறகு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயத்தையே கேட்கின்றன: "வித்தால் எவ்வளவு போகும்?" ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: யூரியூப்பில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் "நீண்டகால மூலதன ஆதாயம்", 1.25 இலட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம் என்று விளக்குகிறார்கள். 2019இல் கொழும்புப் பங்குச்சந்தையில் வாங்கிய பங்குகளை இப்போது விற்றால் எனக்கும் இதே கணக்கா? (ஆசிரியை, கல்லடி)

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது இந்தியச் சட்டம். 2024 ஜூலை 23இல் அங்கு வந்த வரவு செலவுத் திட்டத்தின் கணக்கு அது. பேசுகிறவரும் தமிழ், "இலட்சம்" என்பதும் நம் சொல்தான். அதனால் கேட்கிறவர்கள் அது தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இலங்கையில் 2002இல் கைவிடப்பட்ட மூலதன ஆதாய வரி, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் 2018 ஏப்ரல் 1 முதல் திரும்பவும் வந்தது. அந்தச் சட்டத்தில் குறுங்காலம், நீண்டகாலம் என்ற பிரிவே கிடையாது. ஆறு மாதம் வைத்திருந்த காணிக்கும் பதினாறு வருடம் வைத்திருந்த காணிக்கும் வீதம் ஒன்றுதான்.

கொழும்புப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று வரும் ஆதாயத்துக்கு இந்த வரி இல்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.3% பங்குக் கொடுக்கல் வாங்கல் தீர்வை பிடிக்கப்படுவதோடு சரி. ஆனால் "பங்கு" என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. உறவினர் நடத்தும் பிரைவேட் லிமிட்டெட்டில் உங்களுக்குள்ள பங்கு பட்டியலிடப்பட்டதல்ல. அதை விற்றால் ஆதாயத்துக்கு 15% உண்டு.

ஆக, வைத்திருந்த காலத்தை நம் சட்டம் மூன்று இடத்தில்தான் பார்க்கிறது. சொத்து 2017 செப்டம்பர் 30இல் உங்கள் கையில் இருந்ததா, விற்றது நீங்கள் குடியிருந்த வீடா, நீங்கள் முதலீட்டாளரா வியாபாரியா. மூன்றும் கீழே வரும்.

கேள்வி: ஆரையம்பதியில் 20 பேர்ச் வெறுங்காணி. 2009இல் வாங்கினேன், உறுதியில் 3 இலட்சம். 2020இல் சுற்றுமதில் கட்டினேன். இப்போது 60 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். 57 இலட்சத்துக்கு வரி கட்ட வேண்டும் என்கிறார் தரகர். உண்மையா? (ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்)

பதில்: தரகர் உங்களை வீணாகப் பயப்படுத்துகிறார். 2017 செப்டம்பர் 30இல் உங்கள் பெயரில் இருந்த சொத்துக்கு, வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை. அந்தத் திகதியில் அதன் சந்தைப் பெறுமதி எதுவோ அதுவே உங்கள் கிரயம், அதாவது ஆதாயம் காண விற்ற விலையில் இருந்து கழிக்கும் அடக்கவிலை. 2009இன் 3 இலட்சம் கணக்கிலேயே வராது.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். மதிப்பீட்டாளர் 2017 செப்டம்பர் 30ஆம் திகதிப் பெறுமதி 32 இலட்சம் என்று அறிக்கை தருகிறார் என்று வைப்போம். மதிலுக்கு 4,50,000 ரூபா, பற்றுச்சீட்டுகள் உண்டு. விற்கும்போது தரகுக்கு 60,000, புதிய நில அளவை வரைபடத்துக்கு 25,000. 60,00,000இல் இருந்து 32,00,000, 4,50,000, 85,000 மூன்றையும் கழித்தால் ஆதாயம் 22,65,000. அதில் 15% என்றால் 3,39,750 ரூபா.

மதிப்பறிக்கை இல்லாமல் 2009 உறுதியை மட்டும் நீட்டினால்? 60,00,000இல் இருந்து 3,00,000, 4,50,000, 85,000 போக 51,65,000. வரி 7,74,750. வித்தியாசம் 4,35,000 ரூபா. ஒரு அறிக்கைக்காக இவ்வளவு.

அறிக்கை எடுக்கும்போது பிழைக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் அடிக்கடி பிழைக்கிறது. மதிப்பீட்டாளர் இன்றைய பெறுமதியை எழுதிவிடுவார். அது வங்கிக் கடனுக்குச் சரி, வரிக்கு உதவாது. "2017 செப்டம்பர் 30ஆம் திகதியில் உள்ளபடி" என்ற வாசகம் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதே கிராமத்தில் 2017ஐ ஒட்டி எழுதப்பட்ட வேறு உறுதிகளின் பேர்ச் விலையை ஒப்பிட்டுக் காட்டியிருந்தால் அறிக்கைக்குப் பலம். மதிப்பீட்டாளரிடம் போகும்போது உறுதிப் பிரதியும் வரைபடமும் கொண்டு போங்கள். காணி பிரதான வீதியில் இருந்து எவ்வளவு உள்ளே, 2017இல் அந்த ஒழுங்கை கிரவலா கொங்கிறீட்டா என்பதையும் சொல்லுங்கள். ஒழுங்கைக்குக் கொங்கிறீட் விழுந்த பிறகு ஏறிய விலையை 2017இன் தலையில் ஏற்ற முடியாது.

மதில் 2020இல் கட்டியதால் தனியாகக் கழிக்கிறோம். 2016இல் கட்டியிருந்தால் அது 2017 பெறுமதிக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு தரம் கழிக்கக் கூடாது. மேசனுக்குக் கையில் கொடுத்த கூலிக்குத் துண்டு இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். சீமெந்து, கல், கம்பிப் பற்றுச்சீட்டாவது இருந்தால் மதிலின் நீள உயரத்தோடு சேர்த்து ஒரு கணக்கைக் காட்டலாம். ஒன்றுமே இல்லையென்றால் அந்தச் செலவை மறந்துவிடுவது நல்லது.

இன்னும் இரண்டு சிறு விசயம். ஆண்டுக்கு 18 இலட்சம் தனிநபர் நிவாரணம் உண்டே, அதை இதில் கழிக்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது, முதலீட்டுச் சொத்து விற்ற ஆதாயத்துக்கு அந்த நிவாரணம் இல்லை. இலங்கையில் வதிபவருக்கு ஒரு சின்ன விலக்கு உண்டு: ஆதாயம் 50,000 ரூபாவைத் தாண்டாமலும், அந்த மதிப்பாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டு) இப்படி வந்த மொத்த ஆதாயம் 6 இலட்சத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இன்றைய காணி விலையில் இது யாருக்கும் பெரிதாக உதவப் போவதில்லை.

விற்பனை நடந்து ஒரு மாதத்துக்குள் மூலதன ஆதாய வரி விபரத்திரட்டும் பணமும் போய்ச் சேர வேண்டும். வருடக் கடைசி வருமான வரி விபரத்திரட்டோடு பார்த்துக்கொள்வோம் என்று இருந்தால் தண்டமும் மாத வட்டியும் சேரும். வரி இலக்கம் இல்லாதவர்கள் உறுதி எழுதுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மாதம் இலக்கம் எடுப்பதிலேயே கரைந்துவிடக் கூடாது. சந்தேகத்துக்கு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேள்வி: கல்முனையில் ஒரு வளவு 40 இலட்சத்துக்கு வாங்கப் போகிறேன். முத்திரைத் தீர்வை மிச்சம் என்று உறுதியில் 15 இலட்சம் போடலாம் என்கிறார் விற்பவர். இரண்டு பேருக்கும் நல்லதுதானே? (வியாபாரி)

பதில்: விற்பவருக்கு நல்லது. உங்களுக்கு அல்ல. அவருடைய ஆதாயம் 25 இலட்சத்தால் குறைந்து தெரிகிறது. அந்த 25 இலட்சம் மறையவில்லை, உங்கள் தலைக்கு மாறுகிறது.

மாகாணத்தில் காணிக் கைமாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. 40 இலட்சத்துக்கு 3,000 + 1,56,000 = 1,59,000 ரூபா. 15 இலட்சத்துக்கு 3,000 + 56,000 = 59,000. இன்று மிச்சம் சரியாக ஒரு இலட்சம். எட்டு வருடம் கழித்து 70 இலட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். 2017க்குப் பிறகு வாங்கியதால் மதிப்பறிக்கை உதவாது, உறுதியில் உள்ள விலைதான் உங்கள் கிரயம். ஆதாயம் 30 இலட்சத்துக்குப் பதிலாக 55 இலட்சம். மேலதிக வரி 3,75,000 ரூபா. ஒரு இலட்சம் மிச்சம் பிடித்து மூன்றே முக்கால் இலட்சம் இழப்பது என்ன வியாபாரம்?

இது வரிக்கணக்கு மட்டும். பொய் விலை போடுவது குற்றம் என்பது தனி. மாகாண இறைவரித் திணைக்களம் அந்தப் பெறுமதியை ஏற்காமல் மீதித் தீர்வையைக் கேட்கவும் முடியும். விற்பனை பின்னால் பிரச்சினைப்பட்டு நீதிமன்றம் போனால், 40 கொடுத்தேன் என்பதற்கு உங்களிடம் எந்தக் கடதாசியும் இருக்காது. முழு விலையையும் எழுதுங்கள், காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ கொடுங்கள். நீங்கள் கட்டும் முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும்கூட உங்கள் கிரயத்தில் சேரும். அந்த 1,59,000 முழுதாகப் போய்விடவில்லை, பின்னால் விற்கும்போது ஆதாயத்தில் கழியும். துண்டுகளை உறுதியோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கொழும்பில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். சொந்த வீட்டை விற்றால் வரி இல்லை என்று கேள்விப்பட்டேன். (மட்டக்களப்பு நகர்)

பதில்: விலக்கு சொந்த வீட்டுக்கல்ல, குடியிருந்த சொந்த வீட்டுக்கு. இலங்கையில் வதியும் ஒருவர் தம் பிரதான வதிவிடத்தை விற்றால் ஆதாயத்துக்கு வரி இல்லை. நிபந்தனை இரண்டு: விற்பதற்கு முன்னைய மூன்று வருடமும் தொடர்ச்சியாக அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும், அந்த மூன்றில் குறைந்தது இரண்டு வருடம் அவர் அதில் வசித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் என்பது நாள் கணக்காகப் பார்க்கப்படும். விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டித் தொகை வந்தால் போதும்.

நம் பக்கத்து வழக்கத்தில் இது நன்றாகவே சிக்கும். வீடு மகளுக்கு எழுதப்படுகிறது, ஆனால் அதில் இருப்பது பெற்றோர். உறுதி ஒருவர் பெயரில், குடியிருப்பு இன்னொருவர். பெற்றோர் இருந்த நாட்கள் உங்கள் கணக்கில் சேராது. நீங்கள் சொன்னபடி இன்று விற்றால் விலக்கு இல்லை, 15% உண்டு. சீதன உறுதி 2017 செப்டம்பருக்கு முன் எழுதப்பட்டிருந்தால், மேலே ஆரையம்பதிக் காணிக்குச் சொன்ன மதிப்பறிக்கை வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது.

இதே வீட்டில் கணவர் பிள்ளைகளோடு இருந்து வருகிறவருக்கோ பிரச்சினை இல்லை, அவர் நிரூபிக்க மட்டும் வேண்டும். வாக்காளர் இடாப்பில் அந்த விலாசம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, தம் பெயரில் மின்சார, நீர்ப் பட்டியல், பிள்ளையின் பாடசாலை அனுமதியில் கொடுத்த விலாசம். விற்ற பிறகு இவற்றைத் தேடுவதை விட, விலை பேசும்போதே ஒரு கோவையில் போடுவது சுகம்.

கேள்வி: திருக்கோவில் பக்கம் 80 பேர்ச் காணியில் வீதியோரம் உள்ள 20 பேர்ச்சை மட்டும் விற்கிறேன். கிரயத்தில் கால்வாசி கழிப்பதா? மீதியையும் துண்டு போட்டு விற்கும் எண்ணம் உண்டு.

பதில்: கால்வாசி என்பது பரப்பளவுக் கணக்கு. சட்டம் கேட்பது பெறுமதிக் கணக்கு. வீதிமுகப்பு 20 பேர்ச் 30 இலட்சம் போகும், உள்ளே உள்ள 60 பேர்ச் சேர்த்து 30 இலட்சம்தான் போகும் என்றால், மொத்தக் கிரயத்தில் பாதி விற்ற துண்டுக்கு. உங்களுக்கு இது இலாபம்தான், ஆனால் மீதித் துண்டுக்குக் கிரயம் அவ்வளவு குறைவாக மிஞ்சும் என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு துண்டுக்கும் தனித்தனிப் பெறுமதி போட்ட அறிக்கை எடுங்கள்.

"துண்டு போட்டு" என்ற சொல்தான் எங்களை நிறுத்துகிறது. பரம்பரைக் காணியை ஒருதரம் பிரித்து விற்பது வேறு. காணி வாங்கி, உள்வீதி வெட்டி, துண்டுகளுக்கு இலக்கம் போட்டு, விளம்பரம் செய்து, அந்தக் காசில் அடுத்த காணி வாங்குவது வேறு. பின்னது வியாபாரம். வியாபார வருமானத்துக்கு 15% அல்ல, 6%இல் தொடங்கி 36% வரை ஏறும் படிவீதம். அங்கே 18 இலட்சம் நிவாரணம் கிடைக்கும், ஆனால் 2017 பெறுமதிச் சலுகை போய்விடும். எத்தனை துண்டுக்கு மேல் வியாபாரம் என்று சட்டத்தில் எண் இல்லை. எத்தனை தரம் வாங்கி விற்றீர்கள், என்ன நோக்கத்தோடு வாங்கினீர்கள், விற்பதற்காக என்ன வேலை செய்தீர்கள் என்பதையே பார்ப்பார்கள்.

கேள்வி: 2022 தை மாதம் வாங்கிய பங்குகளில் 2 இலட்சத்து 40 ஆயிரம் நட்டம். இந்த வருடம் ஒரு காணி விற்று ஆதாயம் வந்தது. நட்டத்தை அதில் கழிக்கலாம், இல்லாவிட்டால் ஆறு வருடம் முன்கொண்டு போகலாம் என்று நண்பர் சொல்கிறார். (சாய்ந்தமருது)

பதில்: பட்டியலிட்ட பங்கில் இலாபம் வந்திருந்தால் வரி கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நட்டம் வந்தாலும் வரியில் இடம் தர மாட்டார்கள். ஆறு வருடம் என்பது வரிக்குட்படும் வருமானத்தில் விழும் நட்டத்துக்கான ஏற்பாடு. விலக்களிக்கப்பட்ட இடத்தில் பிறந்த நட்டம் அந்தக் கதவால் நுழையாது. காணி ஆதாயத்துக்கு முழு வரி கட்டத்தான் வேண்டும்.

இதில் இருந்து இன்னொன்றும் வருகிறது. வருடக் கடைசியில் நட்டப் பங்கை விற்று, வரியை மிச்சம் பிடித்து, உடனே திரும்ப வாங்குங்கள் என்று அந்த யூரியூப் ஆட்கள் சொல்வார்கள். நம் ஊரில் அதைச் செய்தால் மிச்சம் பிடிக்க வரியே இல்லை, தரகுச் செலவு மட்டும்தான் போகும். ஒரு தரம் விற்று ஒரு தரம் வாங்க 2.24%.

அந்த 2.24 எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நட்டத்தைப் பிழையாகக் கணக்கிடுவது இங்கேதான். 10 கோடி ரூபா வரையான சாதாரணக் கொடுக்கல் வாங்கலில் தரகுக்கூலி 0.64%, பங்குச்சந்தைக் கட்டணம் 0.084%, மத்திய வைப்புக் கட்டணம் 0.024%, பங்குச்சந்தையை மேற்பார்க்கும் பிணைகள் ஆணைக்குழுவின் கட்டணம் 0.072%, தீர்வை 0.3%. கூட்டினால் 1.12%. வாங்கும்போது ஒரு தரம், விற்கும்போது ஒரு தரம்.

80 ரூபாவுக்கு 1,000 பங்கு வாங்கினால் உங்கள் கையால் போவது 80,000 அல்ல, 80,896. அதை 81 ரூபாவுக்கு விற்றால் 1,000 ரூபா இலாபம் என்று நினைப்போம். 81,000இல் 907.20 கட்டணம் போகக் கையில் வருவது 80,092.80. உண்மையில் 803 ரூபா நட்டம். இந்தப் பங்கில் கை சுடாமல் வெளியே வர விலை 81.90ஐத் தொட வேண்டும், 81.80 கூடப் போதாது. தினமும் வாங்கி விற்கிறவரின் காசு எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

இரண்டாவது பிழை உரிமை வழங்கலில், அதாவது கம்பனி ஏற்கனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதிய பங்கைக் குறைந்த விலையில் கொடுக்கும்போது. 1,000 பங்கு வைத்திருப்பவருக்கு இரண்டுக்கு ஒன்று வீதம் 50 ரூபாவுக்குக் கொடுக்கிறார்கள். 500 பங்கு எடுத்தால் மேலும் 25,000 ரூபா. இப்போது 1,500 பங்கு, மொத்தக் கிரயம் 1,05,896, ஒன்றுக்கு 70.60. சந்தை விலை 80இல் இருந்து 70 பக்கம் இறங்கும். இரண்டு பழைய பங்கு 160, புதியது 50, மூன்றால் பிரித்தால் 70, அவ்வளவுதான். திரையில் 80 போய் 70 ஆனதைப் பார்த்துப் பயந்து விற்கிறவர்கள் உண்டு. உரிமையை எடுக்காமலும் விற்காமலும் காலாவதியாக விட்டவர்தான் உண்மையில் இழக்கிறார்.

பங்குப் பிளவிலும் இதே கதை. ஒன்று இரண்டானால் விலை பாதியாகும், கிரயமும் பாதியாகும், பணம் அப்படியே. கிடைத்த பங்கிலாபத்தை (கம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குக் கொடுப்பது) மட்டும் நட்டத்தில் இருந்து கழித்துப் பாருங்கள். 15% வரி பிடித்தபின் வங்கிக்கு வந்த தொகை அது. மூன்று வருடப் பங்கிலாபம் சேர்ந்தால் உங்கள் 2,40,000 சற்றுச் சிறுக்கக் கூடும்.

2022 தை மாதம் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையையே மூடினார்கள், திறந்தபின் சுட்டெண் 8,000க்கும் கீழே போனது. 2024 கடைசியில் 15,900ஐத் தாண்டியது. "சந்தை திரும்பிவிட்டது, என் பங்கு ஏன் திரும்பவில்லை" என்று நீங்கள் கேட்டால், சுட்டெண் முழுச் சந்தையின் கணக்கு, உங்கள் பங்கு ஒரு கம்பனியின் கணக்கு. அந்தக் கம்பனியின் காலாண்டு அறிக்கையில் இலாபமும் கடனும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். வாங்கிய விலை வரும்வரை வைத்திருப்பேன் என்பது திட்டமல்ல. நீங்கள் வாங்கிய விலை அந்தக் கம்பனிக்குத் தெரியாது.

கேள்வி: சுவிசில் இருக்கிறேன். களுவாஞ்சிகுடியில் என் பெயரில் உள்ள வீட்டை அக்கா மூலம் விற்கிறேன். இங்கே இருக்கும் எனக்கு இலங்கை வரி உண்டா?

பதில்: உண்டு. காணி இலங்கையில் இருப்பதால் ஆதாயமும் இலங்கையில் பிறந்ததாகவே கொள்ளப்படும், நீங்கள் எங்கே இருந்தாலும் சரி. மேலே சொன்ன குடியிருந்த வீட்டு விலக்கும், 50,000 ரூபா விலக்கும் இலங்கையில் வதிபவருக்கு மட்டும் உரியவை. 2017 செப்டம்பர் 30 பெறுமதி முறை உங்களுக்கும் உண்டு.

பிழைப்பது திகதியில். அக்காவுக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து விற்கிறீர்கள், காசு அவருடைய கணக்கில் கிடக்கிறது, நீங்கள் கோடை விடுமுறைக்கு வரும்போது பார்ப்போம் என்று விடுகிறீர்கள். ஒரு மாதம் எண்ணப்படுவது விற்பனைத் திகதியில் இருந்து. காசு சுவிசுக்கு வந்த திகதியில் இருந்தல்ல. தத்துவத்தில் விற்பனை மட்டுமல்லாமல் வரி விபரத்திரட்டுச் சமர்ப்பிக்கவும் பணம் கட்டவும் அதிகாரம் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கைக்கும் சுவிசுக்கும் இரட்டை வரி உடன்படிக்கை உண்டு. கனடா, பிரித்தானியா, நோர்வே, ஜேர்மனி, பிரான்சு, அவுஸ்திரேலியாவோடும் உண்டு. இங்கே கட்டிய வரிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அங்குள்ள கணக்காளரிடம் காட்டுங்கள். இங்கே கட்டாமல் அங்கே மட்டும் சொன்னால் எதற்கும் ஈடு கிடைக்காது.

கேள்வி: காணி, பங்கு எதுவும் வேண்டாம், நிலையான வைப்பில்தான் போடுவேன். அதில் மூலதன நட்டம் வர வழியே இல்லைதானே? (ஏறாவூர்)

பதில்: கடதாசியில் வராது. 10 இலட்சம் போட்டால் 10 இலட்சம் திரும்பும், வட்டி தனி. வட்டிக்கு இப்போது 10% முற்பண வருமான வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் அடங்குகிறவர் வரி இலக்கத்தோடு வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பல மூத்தவர்கள் இதைக் கொடுக்காமலே இருக்கிறார்கள், அடுத்த முறை புத்தகம் புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

ஆனால் 2021 செப்டம்பரில் 5% வட்டிக்குப் போட்ட 10 இலட்சத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடத்தில் 10,50,000. அதே ஒரு வருடத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8% ஏறியது. முதலில் 10 இலட்சத்துக்கு வாங்கக்கூடிய சாமானுக்கு இப்போது 16,98,000 வேண்டும். கையில் உள்ள பத்தரை இலட்சத்தின் பலம் பழைய கணக்கில் 6 இலட்சத்து 18 ஆயிரம்தான். இந்த நட்டத்தை எந்த வரிப்படிவத்திலும் எழுத இடமில்லை. காணிக்காரருக்கும் அதே நியாயம்தான்: பணவீக்கத்தால் ஏறிய விலையையும் சட்டம் ஆதாயம் என்றே எண்ணுகிறது, 2017 பெறுமதியைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கொடுப்பதில்லை.

கேள்வி: அக்கரைப்பற்றில் பெர்மிட் வயல் ஒன்று மலிவாக வருகிறது. பிறகு உறுதியாக்கி நல்ல விலைக்கு விற்கலாமா?

பதில்: வரியைப் பற்றிப் பேசும் நிலைக்கே இது வரவில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அரசுடையது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு இல்லாமல் முத்திரை ஒட்டி எழுதும் கடதாசியால் உங்களுக்கு உரித்து வராது. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் அவர் நியமித்த பின்னுரித்தாளர் வந்து நிற்பார். மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: பவுண் விற்றாலும் 15% பிடிப்பார்களா? (காரைதீவு)

பதில்: இல்லை. இந்த வரிக்குரிய மூலதனச் சொத்துப் பட்டியலில் காணி, கட்டடம், கம்பனி மற்றும் பங்குடைமை உரித்து, பிணைகள் போன்ற நிதிச் சொத்துகள், அவற்றின் மேலான உரிமைகள் என்பவையே உள்ளன. வீட்டில் போட்டு வைத்த நகை அதில் இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால் அது வியாபார வருமானம்.

பவுணில் உங்கள் நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 22 கரட் ஒரு பவுண் 8 கிராமில் தங்கம் 7.33 கிராம்தான். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் கழிவும் விற்கும்போது திரும்பாது, கல் வைத்த நகையானால் கல்லின் நிறையையும் கழிப்பார்கள். முதலீட்டுக்கென்றே வாங்குகிறவர் கல் பதித்த அட்டியலை விட்டு, செய்கூலி குறைந்த வெறும் காப்பையோ பவுண் காசையோ எடுக்கட்டும், கடைத்துண்டில் கரட்டும் நிறையும் செய்கூலியும் தனித்தனியாக எழுதியிருக்கட்டும்.